கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோ: எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம், எந்த வழி?

கேள்வி இதுதான். கிளிநொச்சியில் இருக்கும் வயதான அம்மாவும் அப்பாவும் ஜூலை மாதம் ரொறன்ரோவில் உள்ள மகளிடம் போகிறார்கள். தூரம் 14,000 என்று ஒருவர் சொல்கிறார், 8,700 என்று இன்னொருவர் சொல்கிறார். பயண முகவர் பதினெட்டரை மணித்தியாலம் என்றார். முன்னர் போய்வந்த அயலவரோ ஒன்றரை நாள் என்று பயமுறுத்துகிறார். எது சரி? எந்த வழி கிட்ட? யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால் போனால் சுருக்கமா?

நாலு பேர் சொன்னதும் சரிதான். ஆளாளுக்கு வேறு வேறு பொருளை அளந்திருக்கிறார்கள்.

முதலில் தூரம். கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்குப் பூமியின் வளைவோடு அளந்த மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். அதையே மைலில் சொன்னால் 8,700. ஆகவே அந்த இரண்டு எண்களும் ஒன்றுதான், அலகு மட்டும் வேறு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு உள்ள தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். அலகைச் சொல்லாமல் "எண்ணாயிரத்து எழுநூறு" என்று மட்டும் சொன்னால், கேட்பவர் லண்டனும் ரொறன்ரோவும் ஒரே தூரம் என்று நினைத்துவிடுவார். உண்மையில் ரொறன்ரோ இன்னும் 5,300 கிலோமீற்றர் தள்ளி. விமானிகள் பயன்படுத்துவது கடல் மைல், அதில் இதே தூரம் ஏறக்குறைய 7,550. எங்காவது இப்படி ஒரு மூன்றாவது எண்ணைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

கிளிநொச்சி நகரத்திலிருந்தே நேராக அளந்தால் ரொறன்ரோ ஏறக்குறைய 13,800 கிலோமீற்றர்தான், கட்டுநாயக்காவை விட 200 கிலோமீற்றர் கிட்ட. ஏனென்றால் குறுக்குவழி வடக்காலே போகிறது. நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிர்: தெற்கே 300 கிலோமீற்றர் தெருவால் இறங்கிப்போய், அங்கிருந்து பறந்து, திரும்பவும் வடக்கே ஏறுகிறோம். வன்னியிலிருந்து வெளிநாடு போகும் எவருக்கும் இந்தப் பின்னடைவு இருக்கிறது. நேரத்தைக் கணக்கிடும்போது ரிக்கற்றில் எழுதாத இந்தத் துண்டுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

குறுக்குவழி வடக்கால் போகிறது என்பதைச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடம் காட்டாது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு நுனியை இலங்கையில் பிடித்து, மறு நுனியை ரொறன்ரோவில் வைத்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாக வழுக்கி வடக்கே ஏறும்: இந்தியா, பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் வடபகுதி, பின்லாந்தின் வடமுனை, கிரீன்லாந்து, கியூபெக், பிறகு ரொறன்ரோ. உச்சியில் அது வடக்கு 72 பாகை வரை போகும். தட்டை வரைபடத்தில் அரபிக்கடல், ஆபிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே நீட்டிக் கோடு போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றரைச் சும்மா கூட்டிக்கொள்கிறார்கள்.

அந்த நூல் வழியே எந்த விமானமும் கட்டுநாயக்காவிலிருந்து நேராகப் பறப்பதில்லை. 14,000 கிலோமீற்றரை நிற்காமல் பறக்கக்கூடிய விமானங்கள் உலகில் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரைப் பதினெட்டரை மணித்தியாலத்துக்கு மேல் பறக்கிற சேவை இருக்கிறது. ஆனால் அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவு கூட்டிய விமானம் அது. ஸ்ரீலங்கன் நிறுவனம் தூர இடங்களுக்கு ஓட்டும் ஏ330 வகைக்கு இந்தத் தூரம் எட்டாது. ஆகவே எங்கோ ஓரிடத்தில் மாறித்தான் போக வேண்டும்.

மாறினால் எவ்வளவு சுற்று? பலர் நினைப்பதை விட மிகவும் குறைவு. டுபாயால் போனால் முதல் துண்டு ஏறக்குறைய 3,290 கிலோமீற்றர், இரண்டாவது 11,080. கூட்டினால் 14,370. நேர்வழியை விட 370 கிலோமீற்றர்தான் கூட, பறப்பில் அது அரை மணித்தியாலம்கூட வராது. லண்டனால் போனால் 8,710 உம் 5,710 உம், மொத்தம் 14,420. டுபாய் வழிக்கும் லண்டன் வழிக்கும் வித்தியாசம் வெறும் 50 கிலோமீற்றர்! "லண்டனால் போனால் சுத்து, டுபாயால் போனால் நேர்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. டோகா, அபுதாபி எல்லாம் டுபாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் அவற்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். உண்மையான சுற்று என்றால் கிழக்கே போவது. ஹொங்கொங்கால் போனால் மொத்தம் 16,500 கிலோமீற்றரைத் தாண்டும், அதாவது மூன்று மணித்தியாலம் மேலதிகமாக ஆகாயத்தில். விலை மிக மலிவாக இருந்தால் இளம் ஆட்களுக்குப் பரவாயில்லை. வயதானவர்களுக்கு வேண்டாம்.

தூரத்தை நேரமாக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கிலோமீற்றரை 850 ஆல் வகுத்து, அரை மணித்தியாலம் கூட்டுங்கள். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது, ஆனால் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக. அட்டவணையில் போடும் நேரமோ வாசலை விட்டு அசைவதிலிருந்து அடுத்த வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதற்குள் அடக்கம். கட்டுநாயக்கா–டுபாய்: 3,290 ஐ 850 ஆல் வகுத்தால் 3.9, அரை கூட்டினால் நாலரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. அட்டவணையும் அப்படித்தான் சொல்லும். கட்டுநாயக்கா–லண்டன்: பத்தே முக்கால் வரும், அட்டவணையில் 11 க்குக் கிட்ட இருக்கும். டுபாய்–ரொறன்ரோ: பதின்மூன்றரை வரும், அட்டவணையில் 14 அல்லது சற்றுக் கூட.

மேற்கே போகும் பறப்புகள் எல்லாம் கணக்கை விடக் கொஞ்சம் கூட எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் காற்று. நடு அகலாங்குகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அது இன்னும் பலமாகும். கனடாவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பி வரும்போது பின்காற்று. அதனால்தான் டுபாய்–ரொறன்ரோ 14 மணித்தியாலம் என்றால், ரொறன்ரோ–டுபாய் பன்னிரண்டரை முதல் 13 க்குள் முடிந்துவிடுகிறது. இதே காரணத்தால் ஒரு வேடிக்கை: கட்டுநாயக்காவிலிருந்து லண்டனுக்கும் சிட்னிக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 8,710 உம் 8,760 உம். ஆனால் சிட்னிக்குப் போவது கிழக்கே, ஆகவே 50 கிலோமீற்றர் கூடவாக இருந்தும் நேரம் சற்றுக் குறைவு.

இன்னொரு காரணம் வான்வெளித் தடை. 2022 பெப்ரவரிக்குப் பிறகு கனடிய, ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்கு மேலாகப் பறக்க முடியாது. வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. டுபாய்–ரொறன்ரோ குறுக்குவழி ரஷ்யாவைத் தொட்டுப் போவதால், ஒரே இரு நகரங்களுக்கிடையே எமிரேட்ஸ் ஒரு நேரமும் எயார் கனடா இன்னொரு நேரமும் காட்டலாம். அட்டவணையில் பிழை என்று நினைக்க வேண்டாம், அவர்கள் சுற்றிப் போகிறார்கள்.

இனி மணிக்கூட்டுக் கணக்கு. தவறுகள் நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ரிக்கற்றில் இருக்கும் எல்லா நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். இலங்கை உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. டுபாய் நாலு மணித்தியாலம் முன்னே, ஆகவே எங்களை விட ஒன்றரை மணித்தியாலம் பின்னே. ரொறன்ரோ கோடையில் நாலு மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் ஐந்து. ஆகவே எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. கனடாவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிரித்தானியாவில் அது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று கிழமைகளுக்கு லண்டன்–ரொறன்ரோ வித்தியாசம் வழமையான ஐந்திலிருந்து நாலாகிவிடும். அந்த நாட்களில் லண்டனால் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

(இந்த அரை மணித்தியாலம் வன்னிக்குப் புதிதல்ல. 1996 இல் அரசாங்கம் இலங்கையின் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய ஐந்தரையிலேயே நின்றது. போர்நிறுத்தக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னே திருப்பினார்கள். 2006 ஏப்ரலில் கொழும்பே ஐந்தரைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பத்தாண்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு நேர வலயக் கணக்கு ஒன்றும் பெரிய காரியமாக இருக்காது.)

ஒரு ரிக்கற்றை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். நேரங்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, உங்கள் ரிக்கற்றில் உள்ளதை இதன் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்கா புறப்பாடு 15ஆம் திகதி 02:55.
டுபாய் இறக்கம் 15ஆம் திகதி 05:55.
டுபாய் புறப்பாடு 15ஆம் திகதி 08:30.
ரொறன்ரோ இறக்கம் 15ஆம் திகதி 14:30.

முதல் துண்டு: மணிக்கூட்டின்படி மூன்று மணித்தியாலம், அதோடு ஒன்றரை வித்தியாசம், மொத்தம் நாலரை. இடையில் தங்கல்: ஒரே ஊருக்குள் என்பதால் நேராகக் கழிக்கலாம், 2 மணித்தியாலம் 35 நிமிடம். இரண்டாவது துண்டு: மணிக்கூட்டின்படி ஆறு, அதோடு டுபாய்–ரொறன்ரோ கோடை வித்தியாசம் எட்டு, மொத்தம் 14. மூன்றையும் கூட்டினால் 21 மணித்தியாலம் 5 நிமிடம். சரிபார்க்க வேறு வழியாகவும் செய்யலாம்: 02:55 இலிருந்து 14:30 வரை 11 மணித்தியாலம் 35 நிமிடம், அதோடு ஒன்பதரை. அதே 21:05 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் எங்கோ கோடைகால மணித்தியாலத்தை விட்டிருக்கிறீர்கள்.

முகவர் சொன்ன பதினெட்டரை என்பது நாலரையும் பதினாலும், அதாவது விமானத்துக்குள் இருக்கும் நேரம் மட்டும். அயலவர் சொன்னது வீட்டுப் படலையிலிருந்து மகளின் வீட்டு வாசல் வரை. அதையும் பார்ப்போம். 02:55 பறப்புக்கு 23:30 அளவில் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து தெருவால், வான் வண்டியில் ஆறு முதல் ஏழு மணித்தியாலம், ஆகவே பின்னேரம் 5 மணிக்கு வெளிக்கிட வேண்டும். அதிலிருந்து விமானம் கிளம்பும் வரை பத்து மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. பிறகு 21:05. பியர்சனில் குடிவரவு, பொதி எடுப்பது, ஸ்காபரோவுக்குக் காரில் போவது எல்லாம் சேர்த்து இரண்டு மணித்தியாலம். மொத்தம் 33 மணித்தியாலம். 14,000 கிலோமீற்றரைப் பறக்கப் பதினெட்டரை. மிச்சம் பதினாலரை மணித்தியாலமும் தெருவும் காத்திருப்பும்.

அந்த ரிக்கற்றில் திகதியைத் திரும்பப் பாருங்கள். 15ஆம் திகதி 02:55 என்றால் நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவது 14ஆம் திகதி பின்னேரம். 15ஆம் திகதி இரவு வெளிக்கிட்டுப் போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இந்தப் பிழை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, படித்த ஆட்களுக்கும் நடக்கிறது. வான்காரருக்குச் சொல்லும்போது "15ஆம் திகதி ஃபிளைட்" என்று சொல்லாமல் "14ஆம் திகதி பின்னேரம் அஞ்சு மணிக்கு வீட்டடிக்கு வாங்கோ" என்று சொல்லுங்கள்.

தெருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழுப் பயணத்திலும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத துண்டு அதுதான். கிளிநொச்சியிலிருந்து ஏ9 தெருவால் மாங்குளம், வவுனியா, மதவாச்சி, ரம்பாவ வரை போய், அங்கிருந்து அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, கட்டுநாயக்கா. ஏறக்குறைய 300 கிலோமீற்றர். இதன் நல்ல குணம், கொழும்புக்குள் நுழையாமலே விமான நிலையத்துக்குப் போய்விடலாம். கெட்ட குணம், அநுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் இரவில் யானை குறுக்கிடலாம், வானை விரட்டி ஓட முடியாது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கலா ஓயா பெருகினால் அந்தத் தெருவே மூடப்படும். அப்போது அநுராதபுரத்திலிருந்து பாதெனிய, குருநாகல் பக்கம் திரும்ப வேண்டும். குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022 இல் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது, அது கொஞ்ச நேரத்தை மிச்சப்படுத்தும். ஜூலையில் இந்த வெள்ளப் பிரச்சினை இல்லை. மாரியில் போகிறவர்கள் இரண்டு மணித்தியாலம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து வருகிறவர்கள் ஒட்டுசுட்டான் ஊடாக மாங்குளத்தில் ஏ9 இல் ஏறுவது நல்லது. கிளிநொச்சி நேரத்தோடு அரை மணித்தியாலத்துக்குக் கிட்டக் கூட்டினால் போதும். பரந்தன் பக்கம் வட்டுவாகலால் போவது தெற்கே போகிறவருக்குச் சுற்று. மழை காலத்தில் வட்டுவாகல் பாலத்தின் மேலாலும், இரணைமடு வான்கதவு திறந்தால் கண்டாவளைப் பக்கமும் தண்ணீர் வரும். வவுனியாக்காரருக்கு ஒன்றரை மணித்தியாலம் மிச்சம்.

ரயிலா வானா என்றால், வயதான இருவர் நாலு பெரிய சூட்கேசோடு போவதற்கு வான்தான். வடக்கு ரயில் பாதை விமான நிலையத்துக்குப் போவதில்லை. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கட்டுநாயக்கா அதிவேகப் பாதையால் டாக்சியில் திரும்ப வடக்கே வர வேண்டும். கம்பஹாவில் நிற்கும் ரயிலாக இருந்தால் அங்கே இறங்கிக் குறுக்கே போகலாம், கோட்டை வரை போய்த் திரும்புவதை விட அது கிட்ட. ஆனால் ரயில் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் விமானம் உங்களுக்காகக் காத்து நிற்காது. ரயிலால்தான் போக வேண்டும் என்றால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் ஓரிரவு தங்குங்கள். இரவு பஸ்ஸும் அப்படித்தான். புத்தளம், நீர்கொழும்பு வழியாக ஓடும் பஸ் என்றால் கட்டுநாயக்காவில் இறக்கிவிடுவார்களா என்று ஆசனம் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலாலி வழி பற்றிய கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்தது, இடையில் நின்றுபோய் 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை திரும்பத் தொடங்கியது, 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் வந்தது. கிளிநொச்சியிலிருந்து பலாலிக்குத் தெருவால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான். ஓடும் விமானம் ஏ.டீ.ஆர். 72 போன்ற சிறிய விசிறி விமானம். சென்னைக்கு நேர்கோட்டில் 360 கிலோமீற்றர், அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கிட்ட. கணக்கைப் பாருங்கள்: பலாலி–சென்னை–லண்டன் கூட்டினால் 8,600 கிலோமீற்றர்கூட வராது, கட்டுநாயக்கா–லண்டன் நேர்ப் பறப்பை விடவே குறைவு. தெருவிலும் 220 கிலோமீற்றர் மிச்சம். தாளில் இதைவிட நல்ல வழி இல்லை.

கெடுப்பது வேறு. இரண்டு பறப்பும் ஒரே ரிக்கற்றாக இல்லாவிட்டால், சென்னையில் உங்கள் பொதியை நீங்களே எடுத்து, அடுத்த நிறுவனத்திடம் திரும்பக் கொடுக்க வேண்டும். பொதி எடுக்க வேண்டும் என்றால் இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லாமல் வந்தால் பலாலியிலேயே ஏற்றமாட்டார்கள். கனடா ரிக்கற்றில் பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பொதி தருவார்கள். சிறிய விமானத்தின் ரிக்கற்றில் அந்த அளவு இராது, மிச்சத்துக்குக் காசு கட்ட வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால், தனி ரிக்கற் என்பதால் எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஆகவே என் அபிப்பிராயம்: இந்திய விசா கையில் இருந்து, சென்னையில் ஓரிரு நாள் நிற்கப் போகிறீர்கள் என்றால் பலாலி மிக நல்லது. கோயில், வைத்தியம் என்று அங்கே ஒரு வேலையும் இருக்கக்கூடும். இரவோடிரவாக மாறிப் போக நினைத்தால் கட்டுநாயக்காதான்.

ஒரே ரிக்கற் என்பது எல்லா வழிக்கும் பொருந்தும். ஒரே பதிவு இலக்கத்தில் இரண்டு பறப்பும் இருந்தால் பொதி நேராக ரொறன்ரோவுக்குப் போகும், முதல் பறப்பு பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. 2025 ஜூன் 23 அன்று கட்டார் வான்வெளி சில மணித்தியாலம் மூடப்பட்டபோது வளைகுடாவில் மாறும் பறப்புகள் பல குழம்பின. அப்படியான நாளில் ஒரே ரிக்கற் வைத்திருப்பவருக்கு மாற்று ஆசனம் கிடைக்கும். மலிவாக இருக்கிறதென்று இரண்டு துண்டாக வாங்கியவர் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இடைத்தங்கல் எவ்வளவு நல்லது? முகவர்கள் ஒன்றரை மணித்தியால இணைப்பைப் பெருமையாகக் காட்டுவார்கள், மொத்த நேரம் குறைவாகத் தெரியும். வயதானவர்களுக்கு அது போதாது. திரும்பவும் பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை, வாசல் மாற்றம் எல்லாம் இருக்கிறது. டுபாயில் பிளைடுபாய் விமானத்தில் இறங்கி எமிரேட்ஸில் ஏறுவதென்றால், சில வேளை முனையமே மாறும், பஸ்ஸில் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டரை முதல் நாலு மணித்தியாலம் வரை உள்ள தங்கல்தான் அளவானது. எட்டு, பத்து மணித்தியாலம் என்றால் கால் வீங்கிவிடும். சக்கர நாற்காலி தேவை என்று ரிக்கற் பதியும்போதே சொல்லுங்கள், கடைசி 48 மணித்தியாலத்துக்கு விட்டுவைக்க வேண்டாம். நடக்கக்கூடியவர்களும் கேட்கலாம். உதவியாளர் அடுத்த வாசல் வரை கூட்டிப்போவதால் மொழிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

ஐரோப்பாவால் மாறுகிறவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் நாடுகளின் (ஒரே பொது விசா முறை உள்ள ஐரோப்பிய நாடுகளின்) விமான நிலையத்தில் மாறிப் போவதற்கே இடைத்தங்கல் விசா கேட்கப்படும் பட்டியலில் இருக்கிறார்கள். செல்லுபடியான கனடா விசா இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. லண்டனுக்கும் இப்படியான விதி இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை, காசு கட்ட முன் நிறுவனத்திடம் கேளுங்கள். டுபாய், டோகா, அபுதாபியில் வெளியே போகாமல் மாறுவதற்கு இந்தத் தலையிடி இல்லை. பெற்றோருக்கு வளைகுடா வழி வசதி என்று சொல்வதற்குத் தூரத்தை விட இதுதான் பெரிய காரணம்.

மருந்து: ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் என்றால் இரவும் பகலும் ஏறக்குறைய தலைகீழாகும். இன்சுலின் போடுகிறவர்கள் பயண நாளில் எந்த மணிக்கூட்டின்படி போடுவது என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். மருந்து முழுவதும் கைப்பையில், சூட்கேசில் அல்ல. 14 மணித்தியாலப் பறப்பில் ஓரத்து ஆசனம் எடுத்து இடைக்கிடை எழும்பி நடக்கச் சொல்லுங்கள். போய் இறங்கிய பிறகு நித்திரை சரிவர ஒரு கிழமைக்கு மேல் எடுக்கலாம், அதை வருத்தம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

திரும்பி வரும்போது திகதி வேறு விதமாக ஏமாற்றும். 1ஆம் திகதி இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில் ஏறினால், 13 மணித்தியாலத்தில் டுபாயில் 2ஆம் திகதி இரவு 7 மணி. மூன்று மணித்தியாலம் தங்கி 10 மணிக்கு ஏறினால், நாலேகால் மணித்தியாலத்தில் கட்டுநாயக்காவில் 3ஆம் திகதி விடியப்புறம் 3:45. பயணம் இருபதேகால் மணித்தியாலம்தான், ஆனால் இரண்டு திகதி தாண்டிவிடும். போகும்போது அதே நாளில் இறங்கினோமே என்று நினைத்து வானை 2ஆம் திகதிக்குச் சொல்லிவிடாதீர்கள். விடிய 3:45 க்கு இறங்கினால் வெளியே வர ஐந்து மணியாகும். கிளிநொச்சியிலிருந்து வான் முதல் நாள் பின்னேரம் 6 மணிக்கு வெளிக்கிட்டால் போதும், சாரதி அங்கே கொஞ்சம் படுத்தெழும்பி ஓட நேரம் இருக்கும். இரவு முழுக்க ஓடிவந்தவரை நித்திரை இல்லாமல் உடனே திரும்ப ஓட விடக்கூடாது.

ரொறன்ரோவில் கூட்டிப்போக வருகிறவர்களுக்கு விமான இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள், நேரத்தை மட்டும் கொடுக்க வேண்டாம். எதிர்க்காற்று, வான்வெளித் தடை, பிந்திய புறப்பாடு எல்லாம் சேர்ந்து இறங்கும் நேரத்தை அரை மணித்தியாலம் முன்பின் ஆக்கும், இலக்கம் இருந்தால் கைபேசியிலேயே விமானம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இறங்கி ஒரு மணித்தியாலத்துக்கு முன் வெளியே வருவது அரிது. மகள் வீட்டிலிருந்து 14:30 க்கு வெளிக்கிட்டாலே காணும்.